வார்த்தைக்குப் பத்து கிராம்

வல்லநேரியில் இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு எடை வந்த வருஷம் மிளகாய் வத்தலுக்கு நல்ல விலை போய்க்கொண்டிருந்தது, அதனால் முதல் மூன்று மாதம் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் ஊரில் பதினொரு வத்தல் மண்டி, மண்டிக்கு ஓர் எடைமேடை, அதுபோக அம்மன் கோயிலில் துலாபாரத்துக்கென்று சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு ஒன்று, ஆகப் பன்னிரண்டு தராசுகளை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. எடை போட முடியாத எதையும் நாங்கள் வாங்கியதுமில்லை, விற்றதுமில்லை, நம்பியதுமில்லை. பிள்ளைகள் வாயில் வருகிற இங்கிலீஷையும் அப்படித்தான் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், யாரோ எங்களிடம் காற்றை மூட்டை கட்டி விற்கிறார்கள் என்று.

கண்டுபிடித்தவன் பெரிய மண்டியில் எடை போடுகிற அழகுவேல். அந்த மண்டியின் மாடியில் ஹாரிஸ் மாஸ்டர் என்பவர் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களை இங்கிலீஷ் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தார், மாடிப்படிக்குப் போகிற வழியை அடைத்துக்கொண்டு எடைமேடை கிடந்ததால் படிக்க வருகிறவர்கள் அதை மிதித்துத்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும், மிதித்தவர் எடை சிவப்பு எண்ணாகத் தானே எரியும், எரிகிற எண்ணைப் பார்க்காமல் விட அழகுவேலின் கண்ணுக்குத் தெரியாது. ஏறும்போது ஓர் எடை, இறங்கும்போது இருநூறு கிராம் கூடுதல் என்று அவன் முதலாளியிடம் சொன்னான். முதலாளி ஒரு விநாடிகூட யோசிக்காமல், வத்தலைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று முடிவுகட்டி, படிக்கு மேலும் கீழும் ஆள் நிறுத்தி எல்லோர் பையையும் உதறிப் பார்க்கச் சொன்னார். ஒரு வாரம் உதறியதில் பேனாவும் புளிப்பு மிட்டாயும்தான் விழுந்தன, எடை மட்டும் தினமும் இருநூறு கிராம் கூடியே இறங்கியது. கடைசியில் மாஸ்டரைப் பிடித்து மிரட்டியபோது அவர், "நான் ஒண்ணும் குடுத்தனுப்பலைங்க. நாளைக்கு இருபது வார்த்தை, அதுக்கு அர்த்தம், அவ்வளவுதான் குடுக்கேன்" என்றார்.

வல்லநேரி ஆச்சரியப்படாது, சரிபார்க்கும். முதலாளி தன் சொந்த மகனையே மேடையில் நிறுத்தி ஐந்து வார்த்தை சொல்லிக்கொடுக்கச் சொன்னார்; அவன் வார்த்தையை மட்டும் ஒப்பித்தபோது எண் அசையவில்லை, அர்த்தம் விளங்கித் தலையாட்டியதும் ஐம்பது கிராம் ஏறியது. வாட்டர், டேபிள், குட்மார்னிங் வகையறாவுக்கு எடையே கிடையாது. கஷ்டமான வார்த்தைக்குத்தான் எடை, அதுவும் விளங்கினால்தான் எடை, உத்தேசமாக வார்த்தைக்குப் பத்து கிராம், எவ்வளவு ஆழமாக விளங்குகிறதோ அதற்கேற்பக் கூடக் குறைய. சதை போடாது, சட்டை இறுகாது, எடை மட்டும் ஏறும். அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு மண்டிக்கும் விஷயம் போய், இங்கிலீஷும் ஒரு சரக்குத்தான் என்று ஊர் ஒப்புக்கொண்டு, அதோடு அதைப் பற்றி வியப்பதை நிறுத்திவிட்டுச் சந்தேகப்பட ஆரம்பித்தது.

மெட்ரிக் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக இங்கிலீஷ் எடுத்த ஹெப்சிபா டீச்சரைப் பெற்றோர்கள் கூட்டமாக வந்து மேடையில் ஏற்றிப் பார்த்தார்கள், நாற்பத்தொரு கிலோதான் இருந்தார், மறுநாளிலிருந்து அவர் வகுப்பில் பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு எடைச்சீட்டும் கேட்டார்கள். ஒரு பெண் காபித் தட்டோடு குனிந்தபோது பாவாடைக்குள் கட்டியிருந்த படிக்கல் தரையில் விழுந்து அந்தச் சம்பந்தம் முறிந்தது. குண்டானவர்களெல்லாம் படித்தவர்களாக இருக்குமோ என்று கொஞ்ச நாள் அவர்களுக்கு மரியாதை கிடைத்தது, பிறகு அதுவும் போயிற்று. தன் குமாஸ்தா உட்கார்ந்தால் நாற்காலி முனகுகிறது என்று ஒரு முதலாளி அவனிடமிருந்து பெட்டிச்சாவியை வாங்கிக்கொண்டார், எங்கே போவதற்கு இவன் இத்தனை வார்த்தை சேர்க்கிறான் என்பது அவர் கேள்வி. படித்தவன் போய்விடுவான் என்பது எங்களுக்கு எப்போதும் தெரியும். எவ்வளவு படித்தால் போவான் என்பதற்குக் கணக்கு இல்லாமல் இருந்தது, இப்போது அது கிலோவில் கிடைத்தது.

அந்த வருஷம் ஊரிலிருந்து மூன்று மருமகள்கள் விமானம் ஏறினார்கள். மூன்று பேருமே நர்சுப் படிப்புப் படித்தவர்கள், மூன்று பேருமே மாஸ்டரிடம் படிக்க வந்ததைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோ கூடுதலாகப் போனார்கள் என்று பிற்பாடு மண்டிச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அதன் பிறகுதான் வெள்ளிக்கிழமை எடை வந்தது: காலையில் ஏலம் தொடங்குமுன் மருமகள்கள் குளித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு மண்டி வாசலில் வரிசையாக நிற்பார்கள், அழகுவேல் ஒவ்வொருவராக ஏற்றி எடையைச் சத்தமாகச் சொல்வான், கூட வந்த மாமியாரோ நாத்தனாரோ சீட்டை முந்தியில் முடிந்துகொள்வார்கள். அப்படியும் தீராத சந்தேகத்துக்குக் கோயிலில் ஒப்புத்தட்டு வைத்தோம். ஒரு தட்டில் சந்தேகத்துக்குரியவள், மறு தட்டில் அவளுடைய ரவிக்கை அப்படியே பொருந்துகிற, இங்கிலீஷ் வாசனையே இல்லாத ஒருத்தி. ஒரே உடம்புக்கு ஒரே எடைதான் இருக்க வேண்டும், அம்மன் முன்னால் ஏற்றிய கற்பூரம் அணைகிற நேரத்தில் எவள் தட்டு தாழ்ந்திருக்கிறதோ அவளிடம் வார்த்தை இருக்கிறது. அப்படி அகப்பட்டவளின் சான்றிதழ்களை வியாபாரிகள் சங்கம் வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துவிடும், மறந்து எடை குறைந்த பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். இதுவரை அகப்பட்டது ஒருத்திதான். அவள் இன்னும் ஒவ்வொரு வெள்ளியும் வந்து ஏறிப் பார்த்துவிட்டுப் போகிறாள், பத்து கிராம்கூடக் குறையவில்லை. இதையெல்லாம் அநியாயம் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அழகுவேலின் மனைவி பொன்சுதாவும் நர்சுதான். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவள், கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்கு அனுப்புவோம் என்று சொல்லித்தான் கட்டிக்கொண்டு வந்தார்கள், அனுப்பவில்லை. தொட்ட மாத்திரத்தில் நரம்பைக் கண்டுபிடிக்கிற அந்தக் கை நாலு வருஷமாகப் புளி கரைத்துக்கொண்டிருந்தது. கூடப் படித்த குளோரி அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தாள், இங்கே உனக்கு இடம் இருக்கிறது, இங்கிலீஷ் பரீட்சை ஒன்றுதான் பாக்கி, ஆனால் வேலையை விட்டு ஐந்து வருஷம் தாண்டினால் எடுக்கமாட்டார்கள் என்று எழுதியிருந்தாள். அதாவது வருகிற பங்குனியில் மதுரையில் நடக்கும் பரீட்சைதான் கடைசி. தவறினால் ஆயுசுக்கும் புளிதான்.

பொன்சுதாவை வெள்ளிதோறும் மண்டிக்குக் கூட்டிவந்தவள் அழகுவேலின் அக்கா தங்கபுஷ்பம். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், வத்தலுக்குக் காம்பு கிள்ளினால் ஒரு காம்பு தவறாது. அவள் புருஷன் இருபது வருஷத்துக்கு முன்பு மலேசியாவுக்குப் போனவன், இரண்டு வருஷம் கடுதாசி வந்தது, பிறகு வரவில்லை. செத்த சேதியும் இல்லை, வந்த சேதியும் இல்லை, அவள் பாட்டுக்குத் தாலியும் குங்குமமுமாக இருந்தாள். அவளுக்கு ஊரில் முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் இருந்தது, முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொன்னதில்லை.

"அம்பத்திநாலு" என்று அழகுவேல் முதல் வெள்ளிக்கிழமை தன் பெண்டாட்டியின் எடையையும் மூட்டை எடை சொல்கிற அதே குரலில் சொன்னான்.

"அம்பத்திநாலு" என்று தங்கபுஷ்பம் திருப்பிச் சொன்னாள். "கேட்டுக்கோ பிள்ள. இது ஏறிச்சுன்னா மொதல்ல ஒன் போன் போகும். பெறகு நீ ஒங்க அம்மா வீட்டுக்குப் போவ."

"ஏறாது மதினி" என்றாள் பொன்சுதா, அப்போதே அவள் மனதில் கணக்கு ஓடிவிட்டது. குளோரி தினமும் போனில் பத்து வார்த்தை அனுப்புகிறாள், பத்து வார்த்தை நூறு கிராம், நூறு கிராம் உள்ளே வந்தால் நூறு கிராம் உடம்பிலிருந்து வெளியே போக வேண்டும், நர்சுக்கு இது தெரியாதா. அன்று மத்தியானம் ஒரு கரண்டி சோறு குறைத்தாள். வயிறு சரியில்லை என்றாள், பல்வலி என்றாள், செவ்வாய் விரதம் என்றாள், சஷ்டி என்றாள், வார்த்தை ஏற ஏறச் சோறு இறங்கியது, வெள்ளிக்கு வெள்ளி சிவப்பு எண் ஐம்பத்து நாலிலேயே நின்றது. எமேசியேட்டட் என்ற வார்த்தையை, எலும்பும் தோலுமாய்ப் போனது என்று அவள் படித்த அன்று அதற்கும் பத்து கிராம் ஏறியது, அதற்கும் ஒரு கவளம் விட்டுக்கொடுத்தாள்.

படிப்பதற்கு வீட்டில் இருந்த ஒரே இடம் பின்கட்டுப் பாத்ரூம். மனதுக்குள் படித்தால் அவளுக்கு ஒட்டாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதோடு குளோரி ஒரு வழி சொல்லியிருந்தாள், ஒவ்வொரு வார்த்தையையும் வீட்டில் இருக்கிற ஒரு பொருளோடோ ஆளோடோ சேர்த்துக் கட்டு, அப்போதுதான் நிற்கும் என்று. பொன்சுதா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு முணுமுணுப்பாள்: "ரெலக்டன்ட். மனசில்லாம செய்யது. மதினி எனக்குக் குழம்பு ஊத்துத மாதிரி." வாளி நிறையும். "மெட்டிக்யுலஸ். ஒண்ணு விடாம நுணுக்கமாச் செய்யது. மதினி காம்பு கிள்ளுத மாதிரி."

பாத்ரூமின் காற்றுத் துவாரத்துக்கு நேர் கீழே, சுவருக்கு இந்தப் பக்கம், வத்தல் சாக்கை விரித்துக்கொண்டு மதினி காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

முதல் நாளே அவள் பிடித்துவிட்டாள். அப்போதே கதவைத் தட்டியிருக்கலாம், தம்பியிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் ஐந்தாவது படித்த தான் சொன்னால், அவனுடைய படித்த பெண்டாட்டி 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள், தம்பி யாரை நம்புவான் என்ற சந்தேகம் அவளுக்கு இருந்தது. ஆதாரம் வேண்டும். ஊர் கூடி நிற்கிற இடத்தில், இன்ன நாள் இன்ன வார்த்தை, அதற்கு இன்ன அர்த்தம், இவள் வாயால் சொன்னது, என்று வரிசையாக ஒப்பித்துக் காட்ட வேண்டும். அதனால் காதில் விழுந்த ஒவ்வொன்றையும் காம்போடு காம்பாக வாய்க்குள் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டாள், காலையில் எழுந்ததும் முதல் நாள் கேட்டதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள், ஒன்று விட்டுப்போனால் அன்று முழுக்க எரிச்சலாக இருந்தாள். இவ்வளவையும் பின்னால் அவளே சொன்னாள். இன்னொன்றையும் சொன்னாள், சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே: உதாரணத்துக்கெல்லாம் தன் பெயர் வந்ததால்தான் விடமுடியவில்லை என்றாள். அத்தனை வருஷத்தில் தன்னைப் பற்றி ஒருவர் அவ்வளவு நேரம் யோசித்துப் பேசி அவள் கேட்டதில்லை. சிலது வைவதாக இருந்தது, சிலது மெச்சுவதாக இருந்தது, அடுத்தது என்னவாக இருக்குமோ என்று சாக்கை இன்னும் கொஞ்சம் சுவரை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நடுவில் சிவகாசியில் ஒரு கல்யாணத்துக்கு நாலு நாள் போய்வந்தாள். அங்கே பந்தியில் உட்கார்ந்தும் மனசெல்லாம் பின்கட்டுச் சுவரிலேயே இருந்தது. அந்த நாலு நாளில் இவள் என்ன படித்திருப்பாள், என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள் என்பது திரும்பி வந்த பிறகும் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மாசி பிறந்தபோது தங்கபுஷ்பத்துக்கு முழங்கால் வலித்தது, கயிற்றுக்கட்டில் தரையைத் தொட்டது. டாக்டர் நீர் கோத்திருக்கிறது என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். சீட்டு முடிகிறவளை மேடையில் ஏறச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

அவளுக்குத் தோன்றியதெல்லாம் பொன்சுதாவைப் பற்றித்தான். கொடியில் காய்ந்த ரவிக்கையை ஒருநாள் மடிக்கும்போது இது தன்னுடையதா அவளுடையதா என்று தங்கபுஷ்பத்துக்கே தெரியவில்லை. உள்ளே பிடித்துத் தைத்த தையலைக் கண்டு அவளுடையதுதான் என்று தெரிந்துகொண்டு போட்டுப் பார்த்தாள், கை சரியாக இருந்தது, மார்பு சரியாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே குச்சியாக இருக்கிற தன் உடம்பும், மேடையில் ஐம்பத்து நாலு காட்டுகிற தம்பி பெண்டாட்டியின் உடம்பும் ஓர் அளவு.

"அழகு, ஒன் தராசுல கோளாறா, ஒன் பொண்டாட்டிகிட்ட கோளாறா" என்றாள் தம்பியிடம். "ஒடம்பு பாதியாப் போச்சு. எடை அப்படியே நிக்கி. மிச்சம் என்னது? அவ்வளவும் வார்த்தை. ஒப்புத்தட்டு வைக்கச் சொல்லு."

அழகுவேலுக்குப் பெண்டாட்டி மேல் பிரியம் உண்டு, ஆனால் தராசு மேல் நம்பிக்கை அதிகம். "யாரை எதுத்தட்டுல ஏத்த?" என்று மட்டும் கேட்டான்.

"அவ ரவிக்கை எனக்குத்தான் சேருது. நானே ஏறுதேன்."

பங்குனி நாலாம் தேதி ஒப்புத்தட்டு, பதினாலாம் தேதி மதுரையில் பரீட்சை. பொன்சுதா தப்பிக்க வழி தேடாமல் இல்லை. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால் அதுவே சாட்சியாகிவிடும், படித்ததை மறக்கலாம் என்று பார்த்தால் மறக்க முயன்ற வார்த்தைகள்தான் முதலில் வந்து நின்றன. ஆயிரத்து இருநூறு வார்த்தை, பன்னிரண்டு கிலோ. தட்டில் உட்கார்ந்த மறுகணமே அது தரையில் போய் முட்டும், ஊரே பார்க்கும், இரும்புப் பெட்டி திறக்கும், அதற்குள் தன் மூன்று வருஷ ராத்திரி டியூட்டியும் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று அவளுக்கு ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தது.

சங்கத் தலைவர், முன்பு அகப்பட்டவளின் மாமியார், பதினொரு மண்டி ஆட்கள், வத்தல் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்த லோடுமேன்கள் என்று கோயில் முற்றத்தில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். அழகுவேல் சங்கிலியைப் பிடித்துத் தட்டுகளை நிதானப்படுத்தினான், பெண்கள் இரண்டு பேரும் எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள், பூசாரி கற்பூரத்தை ஏற்றினார், அழகுவேல் கையை எடுத்தான்.

தட்டு முட்டவில்லை. தராசு மெல்ல ஆடி, பொன்சுதாவின் பக்கம் நாலு விரல்கடை தாழ்ந்து, அங்கேயே நின்றது.

கூட்டம் முனகியது. நாலு விரல்கடைதானே என்றார்கள் சிலர், தாழ்ந்தது தாழ்ந்ததுதான் என்றார்கள் பலர், கற்பூரம் அணையட்டும் என்றார் தலைவர். பொன்சுதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பன்னிரண்டு கிலோ எங்கே போயிற்று என்று அவள் பயத்தோடு எதிரே பார்த்தாள். மூன்று முழத் தூரத்தில் மதினி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள், நாங்களெல்லாம் அம்மனைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தோம். பொன்சுதா நாலு மாதமாக அந்த வார்த்தைகளோடு வாழ்ந்தவள், சத்தமில்லாமலே உதட்டைப் படித்துவிட்டாள். மெட்டிக்யுலஸ். ரெலக்டன்ட். எமேசியேட்டட். கார்த்திகையிலிருந்து நாள் வாரியாக, ஒன்று விடாமல், ஊருக்கு ஒப்பிப்பதற்காகத் தயார் செய்துகொண்டிருந்தாள் தங்கபுஷ்பம். நடுவில் ஓர் இடத்தில் உதடு நின்றது. கண்ணைத் திறந்தாள்.

"கல்யாணத்துக்குப் போனேனே, நாலு நாளு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு, தட்டுக்கும் தட்டுக்கும் மட்டும் கேட்கிற குரலில். "அப்ப என்னட்டி படிச்ச?"

அந்தக் கேள்வியில் இருந்தது முழுக்கச் சந்தேகம்தான், வேறெதுவும் இல்லை. ஆனால் பொன்சுதாவுக்கு அது போதும். நாலு நாள், நாற்பது வார்த்தை, நானூறு கிராம், நாலு விரல்கடை.

"இம்மினென்ட்" என்றாள் கிசுகிசுப்பாக. "இந்தா நடக்கப்போகுதுன்னு கிட்டத்துல வந்து நிக்கது. இந்தக் கற்பூரம் அணையப்போகுதுல்லா, அது மாதிரி."

தங்கபுஷ்பம் கற்பூரத்தைப் பார்த்தாள். அவள் தட்டு ஒரு நூலளவு இறங்கியது.

"ஸ்க்ரூட்டினி. துருவித் துருவிப் பாக்கது. இந்தா நம்மள இத்தனை பேரும் பாக்காங்கல்லா."

இன்னும் ஒரு நூல். கற்பூரம் பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. இப்படி ஒவ்வொன்றாக நாற்பதைச் சொல்ல நேரமில்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது, தட்டு ஏன் இறங்குகிறது என்பதும் அந்த நேரத்தில்தான் தங்கபுஷ்பத்துக்கு விளங்கியது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவள் முகத்தில் ரத்தம் சுண்டியதை நானே பார்த்தேன். அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். காதைப் பொத்தியிருந்தால் இன்னும் நல்லது, அந்த நாலு விரல்கடையை வைத்துத் தம்பி பெண்டாட்டியை ஆயுசுக்கும் வீட்டில் கட்டிப்போட்டிருக்கலாம். ஆனால் அவள் கேட்டாள்.

"என்னைப் பத்தி என்ன படிச்ச? அதச் சொல்லு."

அந்த நாலு நாளில் மதினியோடு சேர்த்துக் கட்டிய வார்த்தை ஒன்றுதான், அதையும் கட்டிய பிறகு ஏன் கட்டினோம் என்று பொன்சுதா பாத்ரூமில் உட்கார்ந்து அழுதிருந்தாள்.

"ஃபோர்சேக்கன்" என்றாள். "வருவேன்னு சொல்லிட்டு விட்டுட்டுப் போனவங்களுக்காக... இல்ல மதினி. அப்படி விட்டுட்டுப் போகப்பட்டவங்க. அவங்க மேல ஒரு தப்பும் கெடையாது, அவங்க இருந்த எடத்துலதான் இருக்காங்க. உதாரணத்துக்கு..."

"உதாரணம் வேண்டாம்" என்றாள் தங்கபுஷ்பம். "வெளங்கிட்டு."

அவளுடைய தட்டு கீழே போனது. மெதுவாக இல்லை, கட்டு அறுந்த மூட்டை விழுகிற வேகத்தில் போய்க் கல்தரையில் மோதிய சத்தத்தில் உத்திரத்துப் புறாக்கள் கலைந்தன, எதிர்த்தட்டில் பொன்சுதா எங்கள் தலைக்கு மேலே உயர்ந்து, சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். எல்லா வார்த்தைக்கும் பத்து கிராம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அது எத்தனை கிலோ என்று இன்றுவரை யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. கற்பூரம் அணைந்தது.

பொன்சுதாவிடம் ஒன்றும் இல்லை என்று தலைவர் அறிவித்தார். அறிவித்துவிட்டு, நாங்கள் எல்லோரும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோமோ அதையே அவரும் திரும்பிப் பார்த்தார்.

"தங்கபுஷ்பம், நீ எங்க போகப் போற?"

"கால்ல நீர் கோத்துருக்கு" என்றாள் அவள் தரையில் உட்கார்ந்தபடி. "டாக்டர் மாத்திரை குடுத்துருக்காரு. வேணும்னா சீட்டக் கொண்டாந்து காட்டுதேன்."

அவள் பொய் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை, அதனால் நம்பினோம். அழகுவேல் மட்டும் தராசையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான், பிறகு சங்கிலியைச் சுருட்டிக் கட்டிவிட்டு மண்டிக்குப் போனான்.

வீட்டுக்குப் போனதும் தங்கபுஷ்பம் உலை வைத்தாள். இலையைக் கழுவிப் போட்டு, பொன்சுதாவை உட்காரச் சொல்லி, சுடுசோறு போட்டு, நடுவில் குழி பண்ணி, பருப்பும் நெய்யும் விட்டாள். பொன்சுதா ஒரு வாய் எடுத்துவிட்டு, நாலு மாத வழக்கத்தில் கையை உதறப் பார்த்தாள்.

"தின்னு" என்றாள் தங்கபுஷ்பம். "பரீட்சைக்குப் பத்து நாளு இருக்கு. மயங்கி விழுந்துராத."

பொன்சுதா தின்றாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது, அதையும் சேர்த்துப் பிசைந்து தின்றாள். இரண்டாவது தடவை இலையில் சோறு விழுந்தது, மூன்றாவது தடவையும் விழுந்தது.

"போனா வருவியா?"

"வருவேன் மதினி. சத்தியமா வருவேன்."

இருபது வருஷத்துக்கு முன்பு இதே இடத்தில் உட்கார்ந்து, இதே அளவு சோறு தின்று, இதையே சொல்லிவிட்டுப் போனவன் ஒருவன் இருந்தான். தங்கபுஷ்பம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். துளிகூட நம்பவில்லை. நம்பாமலே இன்னொரு கரண்டி சோறு அள்ளி வைத்தாள்.